கல்லை மிதக்க வைக்கும் நுரை



மேல்நிலை வேதியியல் பாடத்தில் 'நுரை மிதப்பு முறை' என்று ஒரு சிறு பகுதி உண்டு. ஒரு தொட்டி, நடுவில் சுழலும் தண்டு, மேலே நுரை, கீழே மண் என்று ஒரு படம். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆகவே பலரும் அதை மனப்பாடம் செய்து, தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

ஒருமுறை இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், கல்லு தண்ணியில முழுகும். இதுல மட்டும் எப்படி மிதக்குது?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு உரிய விடையைச் சொல்லிவிட்டால் பாடம் முழுவதையும் சொல்லியாயிற்று. அன்று மணி அடித்துவிட்டது. அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே முழுமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

எடையால் பிரிப்பது

பிரித்தெடுக்கும் கலை நமக்குப் புதிதன்று. அறுவடைக் காலத்தில் மீன்சுருட்டியைச் சுற்றியுள்ள களங்களில் நெல்லைத் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதர் காற்றோடு போகும். நெல் காலடியில் விழும். அம்மா முறத்தில் புடைக்கும்போது உமியும் தூசியும் முன்னே பறக்கும். அரிசியை நீரில் அரிக்கும்போது கல் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். ஆற்று மணலில் பொன் அரித்தவர்கள் செய்ததும் இதுவே. இவை அனைத்திலும் ஒரே தத்துவந்தான்: கனமானது ஒருபுறம், இலேசானது மறுபுறம்.

ஆனால் இரண்டு பொருள்களின் எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்? அதுவும் அவை மாவுபோல நுண்ணிய துகள்களாக ஒன்றோடொன்று கலந்திருந்தால்? அங்கே முறமும் பயன்படாது, அரித்தலும் பயன்படாது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

சிவகங்கையின் கறுப்புக் கல்

சிவகங்கைக்கு அருகே நிலத்தடியில் கிராஃபைட் என்னும் கனிமம் கிடைக்கிறது. நீங்கள் எழுதும் பென்சிலின் நடுவே இருக்கும் கறுப்புக் குச்சி, களிமண்ணோடு சேர்த்துச் சுட்ட கிராஃபைட்தான். உலோகங்களை உருக்கும் மூசைகள் செய்ய அது வேண்டும். இன்று கைப்பேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லித்தியம் மின்கலங்களில் எதிர்மின்வாயாகப் பயன்படுவதும் பெரும்பாலும் கிராஃபைட்டே.

தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமாகிய 'டாமின்', சிவகங்கைக் கிராஃபைட்டை வெட்டியெடுத்துத் தூய்மை செய்ய அங்கேயே ஓர் ஆலையை நிறுவியது. ஏன் தூய்மை செய்ய வேண்டும்? அந்தப் பாறையில் கரியின் அளவு சராசரியாகச் சுமார் 14 விழுக்காடுதான். எஞ்சியவை குவார்ட்சு, ஃபெல்ஸ்பார், அப்பிரகம் போன்ற வேறு கனிமங்கள். இலங்கையில் கிடைக்கும் கிராஃபைட் வேறு வகை. அங்கே அது பாறை வெடிப்புகளில் தடித்த நரம்புபோல, மிகத் தூய்மையாக அமைந்திருப்பதால், கையால் பொறுக்கிச் சுத்தம் செய்தே பெரும்பகுதியை விற்றுவிடலாம். சிவகங்கையிலோ மெல்லிய செதில்களாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கிறது. கையால் பொறுக்க வழியில்லை.

எடையைக் கொண்டு பிரிக்கலாமா என்று பார்ப்போம். கிராஃபைட் நீரைப்போல் சுமார் 2.2 மடங்கு அடர்த்தியுடையது, குவார்ட்சு 2.65 மடங்கு. வேறுபாடு மிகக் குறைவு. இரண்டுமே நீரில் மூழ்குபவை. ஆகவே எடையை விட்டுவிட்டு வேறொரு குணத்தைத் தேட வேண்டும். அந்தக் குணம் கல்லின் உள்ளே இல்லை. அதன் மேற்பரப்பில் இருக்கிறது.

நீரை விரும்புவதும் வெறுப்பதும்

குளத்துத் தாமரை இலையில் விழுந்த நீர் முத்துப்போல உருண்டு ஓடுகிறது. அதே நீர் கழுவிய கண்ணாடியின் மீது விழுந்தால் பரவிப் படர்கிறது. நீர்த்துளி ஒரு பரப்பின்மீது அமரும்போது, துளியின் ஓரம் அப்பரப்போடு ஏற்படுத்தும் கோணத்தைத் தொடுகோணம் என்கிறோம். துளி பரவினால் கோணம் சிறியது. அத்தகைய பரப்பு 'நீர் விரும்பும்' பரப்பு. துளி உருண்டால் கோணம் பெரியது. அது 'நீர் வெறுக்கும்' பரப்பு.

குவார்ட்சு ஏன் நீரை விரும்புகிறது? அதை உடைக்கும்போது சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள வலிமையான பிணைப்புகள் முறிகின்றன. முறிந்த முனைகள் துணை தேடி நிற்கும். நீர் மூலக்கூறு உடனே வந்து அவற்றோடு சேர்ந்துகொள்ளும். கிராஃபைட்டோ அடுக்கி வைத்த தாள்கள் போன்றது. ஒவ்வொரு தாளுக்குள்ளும் கார்பன் அணுக்கள் இறுகப் பிணைந்துள்ளன. தாளுக்கும் தாளுக்கும் இடையே பற்று மிகக் குறைவு. பென்சில் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு எழுதுவது இதனால்தான். தாள் பிரியும்போது முறிந்த முனைகள் அதிகம் உண்டாவதில்லை. நீரைப் பற்றிக்கொள்ள அங்கே கைகளே இல்லை.

இப்போது அரைத்த பாறைத்தூளை நீரில் கலக்கிக் குழம்பாக்கி, கீழிருந்து காற்றைச் செலுத்துவோம். எண்ணற்ற சிறு குமிழிகள் மேலே வரும். வழியில் அவை துகள்களோடு மோதும். குவார்ட்சுத் துகளைச் சுற்றி நீர்ப்படலம் இறுகப் பிடித்திருப்பதால் குமிழி ஒட்டாமல் விலகிப் போகும். கிராஃபைட்டின்மீது அந்தப் படலம் எளிதில் விலகிவிடும்; குமிழி ஒட்டிக்கொள்ளும். துகளும் குமிழியும் சேர்ந்த அந்தச் சோடியின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஆகவே இரண்டும் மேலே வரும். மேலே திரளும் கறுப்பு நுரையைத் துடுப்பால் வழித்தெடுத்து உலர்த்தினால் கிராஃபைட் கிடைக்கும்.

கடைசி பெஞ்சு மாணவியின் கேள்விக்கு இதுதான் விடை. கல் தானாக மிதக்கவில்லை. குமிழி அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. எந்தக் கல்லைத் தூக்குவது என்பதை முடிவு செய்வது கல்லின் எடையன்று, அதன் மேற்பரப்பு.

மூன்று துணைப்பொருள்கள்

இம்முறைக்கு மூவகைத் துணைப்பொருள்கள் தேவை.

முதலாவது சேகரிப்பான். இது வேண்டிய கனிமத்தின்மேல் படிந்து, அது நீரை மேலும் வெறுக்குமாறு செய்யும். கிராஃபைட்டுக்கு மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். எண்ணெய் தன் இனமாகிய நீர் வெறுக்கும் பரப்பைத் தேடிச் சென்று படரும், குவார்ட்சைத் தொடாது.

இரண்டாவது நுரைப்பான். வெறும் நீரில் எழும் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். சுமந்து வந்த கிராஃபைட் மறுபடியும் கீழே போய்விடும். பைன் எண்ணெய் போன்ற பொருளைச் சிறிது சேர்த்தால் குமிழி சற்று நேரம் நிலைக்கும். அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை காற்றை நோக்கி நிற்கும். யூகலிப்டஸ் எண்ணெயும் இதற்குப் பயன்படும். நம் பகுதியில் தைல மரம் என்று சொல்கிறோமே, அதன் இலையிலிருந்து வருவதுதான்.

மூன்றாவது தணிப்பான். வேண்டாத துகள்கள் நுரையோடு வந்துவிடாமல் இது கீழே நிறுத்தும். கிராஃபைட்டைப் பிரிக்கும்போது சோடியம் சிலிகேட்டு சேர்ப்பது வழக்கம். அது குவார்ட்சையும் களிமண்ணையும் நீரோடு உறவாட வைத்து, அவை கிராஃபைட்டின்மேல் அப்பிக்கொள்ளாமல் தடுக்கும்.

இவற்றின் அளவு வியப்புக்குரியது. ஒரு டன் பாறைத்தூளுக்குச் சில பத்து கிராம் நுரைப்பான் போதும். மேற்பரப்பை மூட ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலமே போதுமல்லவா? சாம்பாரில் உப்பு கூடினால் எப்படியோ, இங்கும் மருந்து கூடினால் கெட்டுவிடும். நுரை பெருகி மண்ணையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும்.

ஈயமும் துத்தநாகமும்

கிராஃபைட் இயல்பாகவே நீரை வெறுக்கிறது. அந்தக் குணம் இல்லாத கனிமத்தை என்ன செய்வது? அதற்கு அந்தக் குணத்தை ஊட்ட வேண்டும். ஈயத்தின் தாதுவான கலீனா நீரைவிட ஏழரை மடங்கு அடர்த்தியுடையது. அதையும் மிதக்க வைக்கிறார்கள்! அதற்கு உதவுவது சாந்தேட்டு என்னும் சேர்மம். கார்னீலியஸ் கெல்லர் என்பவர் 1925-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாந்தேட்டு மூலக்கூறின் கந்தகத் தலை ஈயத்தைப் பற்றிக்கொள்ளும். அதன் கரிம வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நீருக்கு அது ஈயக் கல்லாகத் தெரியாது. எண்ணெய் பூசிய கல்லாகவே தெரியும்.

இராஜஸ்தானத்து ஜாவர் சுரங்கத்தில் ஈயமும் துத்தநாகமும் ஒரே பாறையில் கலந்து கிடைக்கின்றன. இத்தகைய தாதுவுக்குத் துத்தநாக சல்பேட்டும் சிறிது சோடியம் சயனைடும் இட்டுத் துத்தநாகக் கனிமத்தை முதலில் அடக்கி வைப்பது நெடுநாளைய வழக்கம். ஈயம் நுரையோடு மேலே வந்துவிடும். பின்னர் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட்டு, சேர்த்தால் அடங்கியிருந்த துத்தநாகக் கனிமம் விழித்துக்கொள்ளும். தன் முறை வந்ததும் அதுவும் மிதக்கும். ஒரே தொட்டி வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக, மேற்பரப்பை மாற்றியே இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

பயன்படும் நீரும் இதில் பங்கு கொள்கிறது. சுண்ணாம்புப் பாறைப் பகுதியின் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதை வீட்டில் கண்டிருப்பீர்கள். நீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியில் பாஸ்பேட்டு உருண்டைகள் கிடைக்கின்றன. உலகின் பல நாடுகளில் பாஸ்பேட்டுப் பாறையைச் சோப்பின் உறவினராகிய கொழுப்பு அமிலங்களைக் கொண்டுதான் மிதக்க வைக்கிறார்கள். அங்கும் நீர் கடினமாக இருந்தால் கால்சியம் அந்த அமிலத்தை வீணாக்கிவிடும். துணி துவைக்கும் கல்லில் நாம் படும் தொல்லையை ஆலைப் பொறியாளரும் படுகிறார்.

ஒரு சிறு கணக்கு

1000 கிலோ பாறையில் 14 விழுக்காடு கரி என்றால், உள்ள கரி 140 கிலோ. நுரையோடு வந்ததை உலர்த்தி நிறுத்தபோது 140 கிலோ இருந்தது என்றும், அதில் 90 விழுக்காடு கரி என்றும் வைத்துக்கொள்வோம். கிடைத்த கரி 126 கிலோ. மீட்பு, 140-க்கு 126, அதாவது 90 விழுக்காடு. எஞ்சிய 14 கிலோ கரி, 860 கிலோ கழிவோடு போய்விட்டது.

தூய்மை இன்னும் வேண்டுமானால் கிடைத்ததை மீண்டும் அரைத்து மீண்டும் மிதக்கவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தூய்மை கூடும். ஆனால் கொஞ்சம் கரி கைவிட்டுப் போகும். மிகவும் அரைத்தால் செதில்கள் உடைந்துபோகும். பெரிய செதிலுக்குத்தான் விலை அதிகம். அனைத்தையும் மீட்க ஆசைப்பட்டால் மணலும் கூடவே வரும். தூய்மைக்கும் மீட்புக்கும் நடுவே நிதானம் அறிந்து நிற்பதே இத்தொழிலின் திறமை.

கழிவையும் மறந்துவிடக் கூடாது. 860 கிலோ சேறும், அதிலுள்ள மருந்து கலந்த நீரும் எங்கே போகும்? தேக்கக் குட்டையில் தெளியவிட்டு, நீரை மறுபடியும் ஆலைக்கே திருப்ப வேண்டும். அது ஏரிக்கும் கிணற்றுக்கும் போனால் ஊருக்குக் கேடு. சயனைடு போன்றவற்றைக் கையாளும் இடங்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கனிமத்தை எடுத்துக்கொண்டு சேற்றை ஊரார் தலையில் விடுவது விஞ்ஞானம் ஆகாது.

இரண்டு பெண்மணிகள்

இனி நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் ஒரு கதை சொல்வது என் வழக்கம். அமெரிக்காவில் கேரி எவர்சன் என்றொரு பள்ளி ஆசிரியை இருந்தாராம். தாதுவைச் சோதிக்கும் வேலையிலிருந்த தம் சகோதரரின் எண்ணெய்ப் பிசுக்கேறிய சாக்குகளைத் துவைத்தபோது, கனமான தாதுத்தூள் நுரையோடு மிதப்பதைக் கண்டாராம். அப்படியே இம்முறை பிறந்துவிட்டதாம். பல புத்தகங்களில் இக்கதை உண்டு. ஒருநாள் இதைக் கேட்ட ஒரு மாணவி, "அப்போ படிக்க வேணாம் டீச்சர், துணி துவைச்சாலே போதும்!" என்றாள். வேடிக்கையாகச் சொன்னாலும் அது என் மனத்தில் தைத்தது. கதையின் உண்மையைத் தேடிப் படித்தேன்.

கதை பொய். 1842-இல் பிறந்த கேரி எவர்சன் ஒரு மருத்துவரின் மனைவி. கணவர் ஒரு சுரங்கத்தில் பணம் போட்டு இழந்தார். அதன்பிறகு அந்த அம்மையார் தாமே வேதியியலும் கனிமவியலும் கற்றார், சோதனைகள் செய்தார். எண்ணெயும் அமிலமும் சேர்த்துத் தாதுவைப் பிரிக்கும் முறைக்கு 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். காற்றுக் குமிழியின் பங்கை அவர் முழுமையாகக் காணவில்லை என்பது உண்மையே. கிராஃபைட்டை எண்ணெயும் குமிழியும் கொண்டு பிரிப்பதை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெசல் சகோதரர்கள் 1877-இலேயே காப்புரிமையாகப் பதிந்திருந்தார்கள். ஆயினும், சல்ஃபைடுத் தாதுக்களுக்கு எண்ணெயின் தேர்ந்தெடுக்கும் ஆற்றலை அத்தனை தெளிவாக எழுதியவர்களுள் எவர்சன் முன்னோடி. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுரை மிதப்பு பெருந்தொழிலாக வளர்ந்தபோது அவருடைய காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது. அதனால் பொருட்பயன் காணாமலே 1914-இல் மறைந்தார். அவர் படித்த படிப்பை அழித்துவிட்டு, சாக்குத் துவைத்த கதையை மட்டும் உலகம் வைத்துக்கொண்டது.

மற்றொருவர் ஜெர்மனியின் ஆக்னஸ் பாக்கெல்ஸ். 1862-இல் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாற்றங்கள் அவருடைய கவனத்தை ஈர்த்தன. அவர் பார்த்ததோடு நிற்கவில்லை, அளந்தார். ஒரு தகரத் தொட்டி, நீர்ப்பரப்பைக் குறுக்கவும் விரிக்கவும் ஒரு தகரப் பட்டை, நீரிலிருந்து மேலே இழுக்க ஒரு பொத்தான், ஒரு சிறு தராசு. இவ்வளவே அவருடைய ஆய்வுக்கூடம். தம்பி அனுப்பிய புத்தகங்களே அவருக்கு ஆசிரியர்கள். 1891-இல் தம் முடிவுகளை இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார், அவ்வாண்டே அச்சாயிற்று. பின்னாளில் மேற்பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்ற லாங்மியூர், அந்த அடுக்களைத் தொட்டியின் வழிவந்த தொட்டியைக் கொண்டே தம் ஆய்வுகளைச் செய்தார்.

பாத்திரம் கழுவியவர்கள் கோடிப் பேர். ஆக்னஸ் கண்டது அவர்கள் கண்ணிலும் பட்டதுதான். அவர் கேள்வி கேட்டார், அளந்தார், எழுதி வைத்தார். வேறுபாடு அதுவே.

நீங்களே செய்து பாருங்கள்

தேய்ந்த பென்சிலின் கறுப்புக் குச்சியை உப்புத்தாளில் தேய்த்துக் கால் தேக்கரண்டித் தூள் எடுங்கள். அதே அளவு கழுவிய நுண்மணலோடு கலந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டுப் பாதியளவு நீர் ஊற்றுங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கறுப்பின் பெரும்பகுதி மேலேயும் மணல் அடியிலும் நிற்பதைக் காண்பீர்கள். பிறகு அதில் ஒரு தேக்கரண்டி சோப்பு நீரைச் சேர்த்துக் குலுக்குங்கள். கறுப்பு மறுபடியும் நீரில் கலந்து கலங்கிவிடும். ஏன் என்பதை இக்கட்டுரையைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். வகுப்பில் சரி பார்ப்போம்.

இன்னொரு செய்தி. பழைய காகிதத்தை அரைத்துக் கூழாக்கி, அச்சு மையை நுரையோடு மிதக்கவிட்டு நீக்கும் ஆலை கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் இருக்கிறது. சிவகங்கையில் கறுப்புதான் வேண்டும். அங்கே கறுப்பு போக வேண்டும். முறை ஒன்றுதான். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த ஆண்டு மலரும் ஒருநாள் அப்படியொரு தொட்டிக்குப் போகலாம். அதன் மை நுரையோடு போய்விடும். படித்தது மட்டும் உங்களிடம் நிற்கட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெண் பாத்திரம் கழுவும்போது "இது ஏன் இப்படி?" என்று கேட்டால், "வேலையைப் பாரு" என்று சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "நாளைக்கு டீச்சரைக் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். கடைசி பெஞ்சில் எழுந்த ஒரு கேள்விதானே இந்தக் கட்டுரையை எழுத வைத்தது!